அரிய துவக்கும் பெயரறியாக் கம்மாளனும்

பொருளொன்றின் மதிப்பு எங்கிருந்து பிறக்கிறது என்னும் வினா பொருளியலாசிரியருக்கு மட்டும் உரியதன்று. வரலாற்று மாணவனும் அதனை எழுப்புதல் வேண்டும். மேனாட்டு ஏலச்சாலைகளில் ஆண்டுதோறும் பழைய துவக்குகள் சில விலைகூறப்படுகின்றன. அவற்றைக் கொண்டு எவரும் வேட்டைக்குச் செல்லப் போவதில்லை. போருக்கும் செல்லப் போவதில்லை. பலவற்றில் மருந்திட்டுச் சுடவே இயலாது. ஆயினும் தொழிலாளி ஒருவன் தன் வாழ்நாள் முழுவதும் உழைத்தும் ஈட்டமுடியாத தொகையைக் கொடுத்து அவற்றைப் பெறச் செல்வர் போட்டியிடுகின்றனர். வாங்க வகையற்ற ஆர்வலரோ படங்களைப் பார்த்துக் கனவு காண்கின்றனர். ஏன் இந்த வேட்கை என்று கேட்டால், "கிடைத்தற்கு அரியது" என்பதே அவர்கள் கூறும் விடை. அவ்விடை இன்னொரு வினாவின் தொடக்கமாகும். அது ஏன் அரிதாயிற்று? எத்தனை செய்யப்பட்டன? எஞ்சியவை எங்கே போயின? செய்த கைகள் எப்போது, எதனால் ஓய்ந்தன? இவ்வினாக்களைத் தொடர்ந்து செல்வோமாயின், அருமை என்பது இரும்புக்குள் உறையும் ஒரு குணம் அன்று, மனிதருக்கும் மனிதருக்கும் இடையே நிகழ்ந்தவற்றின் எச்சம் என்பது புலனாகும்.

முதலில் அமெரிக்க நாட்டுச் செய்தி ஒன்றை நோக்குவோம். வின்செஸ்ரர் கம்பனி 1873ஆம் ஆண்டில் வெளியிட்ட தொடர்வெடித் துவக்கு, அரை நூற்றாண்டளவில் ஏழு இலட்சத்துக்கு மேல் உற்பத்தி செய்யப்பட்டது. இயந்திரத் தொழிற்சாலையின் பொருள் அது. ஒன்றன் உறுப்பு மற்றொன்றுக்குப் பொருந்தும். ஒன்றுக்கொன்று வேறுபாடற்ற இப்பொருளில் அருமைக்கு இடமேது? கம்பனி அதற்கொரு வழி கண்டது. குறிதவறாது சுட்ட குழல்களைப் பொறுக்கியெடுத்து, அழகுபடுத்தி, "ஆயிரத்தில் ஒன்று" என்று குழலிலேயே பொறித்து, 100 டொலர் விலைக்கு விற்கத் தொடங்கியது. நூற்றுமுப்பத்துச் சொச்சமே அவ்வாறு வெளிவந்தன. 1950ஆம் ஆண்டில் இத்துவக்கைக் கதைப்பொருளாகக் கொண்ட திரைப்படம் ஒன்று வெளியானபோது, எஞ்சியவற்றைத் தேடிக் கண்டுபிடிக்கும் விளம்பர இயக்கத்தைப் படநிறுவனம் நடத்தியது. விற்பனைத் தந்திரமாகப் பிறந்த அருமை, விளம்பரத்தினால் இரண்டாம் முறையும் பிறந்தது. இன்று சேகரிப்பாளர் அதன் பெயரை மந்திரம்போல் உச்சரிக்கின்றனர். ஆனால் "மேற்கை வென்ற துவக்கு" என்று அவ்வகை புகழப்படுகையில், வெல்லப்பட்ட அந்த மேற்கு எவருடைய நிலமாயிருந்தது என்பதை அவர்களுட் பலர் கேட்பதில்லை. அமெரிக்கப் பழங்குடிகள் தம் மண்ணை இழந்த காலமும் இத்துவக்கு பல்கிய காலமும் ஒன்றே.

இரண்டாவது வகை அருமை குருதியினால் வருவது. பில்லி தி கிட் என்னும் இளங்கொள்ளையனை 1881ஆம் ஆண்டில் பற் கரெற் என்னும் ஷெரிப் சுட்டுக் கொன்றான். அவன் கையிலிருந்த கோல்ற் சுழல்துப்பாக்கி 2021இல் அறுபது இலட்சம் டொலருக்கு மேல் விலைபோயிற்று. அதே ஆலையில் அதே அச்சில் வார்க்கப்பட்ட மற்றொரு கோல்ற்றுக்கு அவ்விலையின் சிறு துண்டுகூடக் கிடையாது. இரண்டிலும் இரும்பு ஒன்று, உழைப்பும் ஒன்று. வேறுபாடு ஓர் உயிர்தான். அந்த உயிரின் முடிவுக்கே இங்கு விலை கொடுக்கப்படுகிறது.

இவ்விரண்டிலும் ஆழமானது மூன்றாவது வகை. ஒரு நாடு தோற்கடிக்கப்பட, அந்நாட்டின் பட்டறைகள் அணைந்துபோக, அங்கு செய்யப்பட்டவை வென்றவனின் மாளிகையிற் போய்ச் சேர்வதால் உண்டாகும் அருமை அது. ஆசியாவில் இதற்குப் பலரும் அறிந்த சான்று மைசூர்.

திப்பு சுல்தான் 1799ஆம் ஆண்டு மே மாதம் 4ஆம் நாள் சிறீரங்கபட்டணத்துக் கோட்டையில் வீழ்ந்தான். அதற்கு முன்னைய ஆண்டுகளில் அவனுடைய பட்டறைகள் ஐரோப்பியப் பொறியமைப்பைக் கற்று, அதனைத் தமதாக்கிக் கொண்டிருந்தன. பிரான்சுக்குத் தூது அனுப்பியபோது அரசன் பதினாறாம் லூயியிடம் அவன் கேட்டவற்றுள் கைவினைஞரும் அடங்குவர் என்பது கருதத்தக்கது. துப்பாக்கியை விலைக்கு வாங்குவதிலும் துப்பாக்கி செய்யும் அறிவைப் பெறுவதே மேல் என்பதை அவன் உணர்ந்திருந்தான். மைசூர்த் துவக்குகளில் புலிவரிகள் ஓடும். தீக்கல்லைக் கவ்வும் உறுப்பு புலியின் உருக்கொள்ளும். நபிகளின் பிறப்பிலிருந்து கணிக்கும் மௌலூதி ஆண்டு பொறிக்கப்பட்டிருக்கும். சிலவற்றில் செய்தவனின் பெயரும் உண்டு. கோட்டை வீழ்ந்ததும் அரண்மனைச் செல்வம் படைப்பதவியின் வரிசைப்படி பங்கிடப்பட்டது. தளபதி ஹரிஸ் ஓர் இலட்சத்து நாற்பதினாயிரம் பவுணுக்கு மேற் பெற்றான்; கோட்டை மதிலில் ஏறிய சாதாரணச் சிப்பாய்க்கு ஒரு சில பவுணே கிடைத்தது. கொள்ளையின் பங்கீட்டிலும் வர்க்கம் மறையவில்லை.

அவ்வாறு சென்ற பொருள்கள் ஆங்கிலப் பிரபுக்களின் வீடுகளில் இரு நூற்றாண்டு உறங்கின. 2015 ஏப்பிரலில் ஒரு தனியார் சேகரிப்பிலிருந்த திப்புவின் படைக்கலங்கள் இலண்டனில் ஏலமிடப்பட்டபோது மொத்தம் அறுபது இலட்சம் பவுணுக்கு மேற் கிடைத்தது. வேட்டைத் துவக்கொன்று மட்டும் 722,500 பவுணுக்குப் போயிற்று. 2023இல் அவனுடைய வாளொன்று ஒரு கோடியே நாற்பது இலட்சம் பவுணைத் தாண்டியது. சிறீரங்கபட்டணத்துப் பட்டறைகள் தொடர்ந்து இயங்கியிருந்தால், அத்துவக்குகள் ஆயிரக்கணக்கில் பெருகியிருக்கும், பழகிப்போயிருக்கும், மலிந்திருக்கும். அவை அரிதாயின என்றால், அத்தொழில் கொல்லப்பட்டது என்பதே பொருள். ஏலக்காரனின் சுத்தியல் ஒலியில் நாம் கேட்கவேண்டியது அந்த மரணத்தின் ஒலியை.

மைசூரின் கதை நமக்குப் புதிதன்று. அதற்கு முப்பத்துநான்கு ஆண்டுகளுக்கு முன், நம் தீவிலும் இதுபோன்றது நிகழ்ந்தது. அதனை விளங்கிக்கொள்ளச் சற்றுப் பின்னோக்கிச் செல்லவேண்டும்.

சொற்களிலிருந்து தொடங்குவோம். தமிழகத்தார் "துப்பாக்கி" என்பர். ஈழத்துத் தமிழர் "துவக்கு" என்போம். சிங்கள மக்கள் "துவக்குவ" என்பர். மூன்றும் துருக்கியச் சொல்லொன்றின் வழிவந்தவை. "பீரங்கி" என்பதும் "பறங்கி" என்பதும் ஒரே வேரின. ஐரோப்பியனைக் குறித்த சொல் அவன் கொணர்ந்த கருவிக்கும் ஆகிவந்தது. மறுபுறத்தில், சிங்களத்தில் வெடியைக் குறிக்கும் "வெடி" என்னும் சொல் தமிழிலிருந்து சென்றது. கருவிகளும் அவற்றின் பெயர்களும் இனத்தின் எல்லைக்குள் அடங்கிக் கிடப்பதில்லை. வணிகன், மாலுமி, கூலிப்படையாள், கொல்லன் ஆகியோர் வாய்வழி அவை ஊர்விட்டு ஊர் சென்றன. இவ்வுண்மை பின்னர் நமக்கு வேண்டப்படும்.

1505ஆம் ஆண்டில் (1506 என்பாரும் உளர்) போர்த்துக்கேயர் கொழும்பில் வந்திறங்கினர். அவர்களுடைய பீரங்கி இடியினும் மிக்க ஒலியுடையது, கருங்கற் கோட்டையையும் தகர்ப்பது என்று கண்டவர் அரசனுக்குக் கூறியதாக "இராஜாவலிய" என்னும் சிங்கள வரலாற்று நூல் வியப்புடன் எழுதுகிறது. ஆனால் வியப்பு நெடுநாள் நீடிக்கவில்லை. கோழிக்கோட்டுச் சாமோரினிடமிருந்து சீதாவாக்கை அரசனாகிய மாயாதுன்னைக்கு வந்த துணைப்படைகள், போர்த்துக்கேயரை விட்டு ஓடிவந்தோர், களத்திற் கைப்பற்றிய கருவிகள் ஆகிய வழிகளாலெல்லாம் இத்தொழிலறிவு உள்நாட்டிற் பரவிற்று. சீதாவாக்கையின் முதலாம் இராஜசிங்கன் 1587-88இல் கொழும்புக் கோட்டையை முற்றுகையிட்டபோது அவனிடம் பீரங்கிகள் இருந்தன. அந்நூற்றாண்டின் இறுதியில் கோவாவிலிருந்து வரலாறு எழுதிய தியோகு டோ கூட்டோ ஒரு கசப்பான உண்மையை ஒப்புக்கொள்கிறார். தாம் வந்தபோது தீவில் ஒரு துவக்குத்தானும் இருக்கவில்லை என்றும், தாம் இடைவிடாது தொடுத்த போரே இம்மக்களைப் பயிற்றியது என்றும், இப்போது இவர்கள் செய்வன தம்முடையவற்றிலும் மேலானவை என்றும், அத்தகையன இருபதினாயிரத்துக்கு மேல் இங்குள்ளன என்றும் அவர் எழுதினார். எண்ணிக்கையில் மிகையிருக்கலாம். ஆயினும் பகைவன் வாயிலிருந்து வந்த இச்சான்று சிறிதன்று. கீழைத்தேயத்தான் கற்கமாட்டான், படைக்கமாட்டான் என்று பின்னாளில் ஏகாதிபத்தியம் பரப்பிய கதைக்கு, ஏகாதிபத்தியத்தின் முதல் எழுத்தாளரே மறுப்புரை எழுதிவைத்திருக்கின்றனர்.

அவர்கள் செய்த துவக்கு எத்தகையது? ஐரோப்பியத் துவக்கில் பொறி வலப்புறம் இருக்கும். சிங்களத் துவக்கில் அது பெரும்பாலும் இடப்புறம் இருக்கும். அதன் மரப்பிடி முனையில் இரு சுருள்களாகப் பிரிந்து வளையும். யானைத்தந்தமும் வெள்ளியும் பித்தளையும் அதிற் பதிக்கப்படும். கொடியும் மலரும் அன்னமும் சிங்கமுகமும் செதுக்கப்படும். ஒரு கோயிற் கதவில் அல்லது ஓலைச்சுவடிச் சட்டத்தில் நாம் காணும் அதே அணிவேலைதான் துவக்கிலும் காணப்படுகிறது. அயல்நாட்டுக் கருவியொன்றை எடுத்து அதனை முற்றும் தம் கலைமரபுக்குள் இழைத்துக்கொண்ட திறமே இதில் வெளிப்படுகிறது. உலகின் பெருஞ் சேகரிப்பாளர் இவ்வகையைத் தேடித் திரிவதற்குக் காரணமும் இதுவே.

ஆனால் அழகு வானத்திலிருந்து இறங்கவில்லை. ஒரு துவக்குக்குப் பின்னால் எத்தனை கைகள் நின்றன என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். மலைநாட்டில் இரும்புக்கல்லை அகழ்ந்து, கரியிட்டு, துருத்தி மிதித்து உருக்கியோர் முதல்வர். கண்டியரசிற் கைதியாக ஏறத்தாழ இருபதாண்டு வாழ்ந்த றொபேட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலில் இத்தொழிலை விவரிக்கிறார். கிராமத்துக் கொல்லன் தன் முக்காலியில் அமர்ந்தபடி இரும்பைப் பற்றிக்கொள்வான் என்றும், வேலை கொண்டுவந்த குடியானவனே துருத்தி ஊதவும் பெருஞ் சம்மட்டியால் அடிக்கவும் வேண்டும் என்றும் அவர் கூறுவது, அக்காலப் பட்டறையை நம் கண்முன் நிறுத்துகிறது. அடுத்து வெடியுப்பு. வௌவால்கள் அடையும் குகைகளிற் பாறையைச் சுரண்டி, மண்ணோடும் சாம்பலோடும் கலந்து, நீர்விட்டு வடித்து, காய்ச்சி அதனை எடுத்தனர். 1816 முதல் 1820 வரை இலங்கையில் இருந்த மருத்துவர் ஜோன் டேவி இக்குகைகளுட் சிலவற்றை நேரிற் சென்று ஆராய்ந்தார். இருளும் நாற்றமும் புழுதியும் நிறைந்த அக்குகைகளில் உழைத்தோரின் பெயரை எந்தச் செப்பேட்டில் நாம் தேடுவது?

இரும்பைத் தகடாக்கி, கோல் ஒன்றைச் சுற்றி வளைத்து, பழுக்கக் காய்ச்சி ஒட்டி, உள்ளே குடைந்து நேராக்கினால்தான் குழல் பிறக்கும். ஒட்டில் ஒரு மயிரிழை குறையிருப்பின், குழல் வெடித்துச் சுடுபவனைக் கொல்லும். எனவே அது கண்ணும் கையும் ஒருங்கே பழகிய தொழில். கண்டியில் இத்தகைய உயர்கைவினைஞர் "பட்டல் ஹதர" எனப்பட்ட அரசனின் நான்கு பட்டறைகளில் அமைந்தனர். நம் "பட்டறை" என்னும் சொல்லின் சாயலை அதிற் காணலாம். ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட "இடைக்காலச் சிங்களக் கலை" என்னும் நூலில் இவ்வமைப்பை விரிவாக ஆராய்ந்தார். கைவினைஞருக்கு நிலம் உண்டு; நிலத்துக்கு ஈடாக இராசகாரியம் உண்டு. சிறந்த ஆச்சாரிகளுக்கு அரசன் நிலமும் பட்டமும் அளித்த சன்னசுகள் சில எஞ்சியுள்ளன. ஆயினும் தொழில் சாதியோடு பிணைக்கப்பட்டிருந்தது. கொல்லனின் மகன் கொல்லனே. எத்துணைத் திறமிருப்பினும் "நவந்தன்ன" குலத்தான் பிரதானியாக முடியாது. குமாரசுவாமி அவ்வுலகின் ஒழுங்கையும் அழகையும் மனம் நெகிழ்ந்து போற்றினார். அப்போற்றுதலில் நியாயமுண்டு, எனினும் நிலவுடைமைச் சமுதாயத்தின் விலங்கைப் பூமாலை எனக் கொள்ள நம்மால் இயலாது.

இத்துவக்குகள் அரசின் அமைப்பிலேயே இடம்பெற்றன. "கொடித்துவக்கு" என்னும் சிறுபீரங்கியை மலைப்பாதைகளில் மனிதர் தூக்கிச் சென்றனர். அதனைக் கையாண்டோருக்கெனத் தனிப்பிரிவு ஒன்று இருந்தது. இன்றும் "கொடித்துவக்கு" என்னும் குடும்பப்பெயர் சிங்கள மக்களிடையே வழங்குகிறது. அரசனின் சிறப்புத் துவக்குகளை மரியாதையோடு ஏந்திச் செல்வோர் "வடன துவக்குக்காரர்" எனப்பட்டனர். அரசனுக்குத் துவக்கு ஓர் அதிகாரச் சின்னம். குடியானவனுக்கோ அது மற்றொரு கடமை.

இனி 1765க்கு வருவோம். ஒல்லாந்தரைத் துணைக்கழைத்துப் போர்த்துக்கேயரை விரட்டியது இஞ்சி கொடுத்து மிளகாய் வாங்கிய கதை என்று சிங்கள மக்கள் சொல்வதுண்டு. கம்பனிக்கு வேண்டியது கறுவா. நல்ல கறுவாவிற் பெரும்பகுதி கண்டியரசனின் காடுகளில் விளைந்தது. அதனை உரிக்க ஆண்டுதோறும் அவன் அனுமதியைப் பெறவேண்டியிருந்தது. கரைநாட்டில் கறுவாவுக்காகக் குடியானவரின் நிலங்களிற் கம்பனி கைவைக்க, 1760இல் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். கண்டியரசன் கீர்த்தி சிறீ இராஜசிங்கன் அவர்களுக்குத் துணைநின்றான். ஆளுநர் வன் எக் 1764இற் படையெடுத்துத் தோற்றான். மறுமுறை 1765 பெப்ரவரியிற் கண்டிநகருட் புகுந்தான். அரசன் மலைகளுக்குள் விலகிச் சென்றுவிட்டான். வெறுமையான அரண்மனையைக் கம்பனியின் ஐரோப்பியப் படையினரும் மலாய்ப் படையினரும் சூறையாடினர். ஏப்பிரல் தொடக்கத்தில் வன் எக் கொழும்பில் இறந்தான். மழையும் நோயும் பசியும் கண்டியர் தாக்குதலும் சேர்ந்து ஆகஸ்டுக்குள் ஒல்லாந்தரை மலைநாட்டிலிருந்து வெளியேற்றின. ஆயினும் 1766இன் உடன்படிக்கை கரையோரம் முழுவதையும் கம்பனிக்கு உரியதாக்கிற்று. கண்டி கடலை இழந்தது.

அன்று சூறையாடப்பட்டவற்றுள் ஒன்றுதான் இன்று உலகறிந்த லெவ்கே பீரங்கி. வெண்கலக் குழல், பொன்னும் வெள்ளியும் இழைத்த பூவேலை, செம்மணிகள், அவற்றிடையே கண்டியரசின் சின்னங்களாகிய சூரியன், பிறை, சிங்கம். 1745ஐ ஒட்டி லெவ்கே திசாவை என்னும் பிரதானி அரசனுக்கு அளித்த காணிக்கை அது. கோட்டையைத் தகர்ப்பதற்கென்று அது செய்யப்படவில்லை. அரச கொலுவில் வணக்கத்துக்குரியதாக வைக்கப்பட்டது. அது ஒல்லாந்து சென்று ஐந்தாம் வில்லியத்தின் அரும்பொருட் கூடத்தை அடைந்தது. பின்னர் ஆம்ஸ்ரர்டாம் தேசிய அரும்பொருட்சாலையின் உடைமையாயிற்று. மூன்று மாத வேட்டையாடலுக்குப் பின் மடிந்த ஆளுநனுக்கு அது பயன்படவில்லை. ஆனால் தோற்றும் வென்றோம் என்று காட்ட அவன் நாட்டுக்குப் பயன்பட்டது.

அதன்பின் இத்தொழில் என்னவாயிற்று? 1815இல் கண்டி ஆங்கிலேயர் வசமாயிற்று. 1817-18இல் ஊவாவில் எழுந்த பெருங்கிளர்ச்சி, ஊர்களை எரித்தும் விளைச்சலை அழித்தும் ஒடுக்கப்பட்டது. போராலும் நோயாலும் பஞ்சத்தாலும் இறந்த கண்டியர் பதினாயிரம்வரை இருப்பர் என்பது டேவியின் மதிப்பீடு. கிராமத்தார் வைத்திருந்த துவக்குகள் பறிக்கப்பட்டன. அரசன் இல்லாதபோது அரச பட்டறை ஏது? இராசகாரியம் 1830களின் தொடக்கத்தில் ஒழிக்கப்பட்டது. அது மனிதரை ஒரு கட்டிலிருந்து விடுவித்த நற்செயலே. ஆனால் விடுபட்ட கைவினைஞனுக்கு எதிரே நின்றது இங்கிலாந்தின் ஆலைப்பொருள். பேர்மிங்காமிலிருந்து கப்பலேறி வந்த இரும்போடு உள்ளூர் உலை போட்டியிட இயலவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குமாரசுவாமி பாலாங்கொடைப் பகுதியில் இரும்புருக்கும் பழைய முறையைத் தேடிச் சென்றபோது, அதனை அறிந்தோர் மிகச் சிலரே எஞ்சியிருந்தனர். கூட்டோ கண்ட இருபதினாயிரமும் இவ்வாறு தேய்ந்து, அரும்பொருட்சாலைக் கண்ணாடிக்குள் ஒன்றும் இரண்டுமாயின. சேகரிப்பாளன் "அரிது" என்று கூறும் சொல்லுக்கு முழுப்பொருள் இதுவே.

இழந்தவற்றின் கணக்கை எடுக்கும் முயற்சியும் நடைபெற்றது. வெளிநாடுகளிலுள்ள இலங்கைத் தொல்பொருள்களைத் தேடித் தொகுத்த பட்டியலொன்றை, தேசிய நூதனசாலைகளின் தலைவராயிருந்த பி. எச். டி. எச். டி சில்வா 1975இல் வெளியிட்டார். நெடுங்காலம் அது செவிடன் காதிற் சங்காகவே இருந்தது. 2020இல் நெதர்லாந்து அரசு அமைத்த குழுவொன்று, குடியேற்ற நாடுகளிலிருந்து வலிந்து கொண்டுவரப்பட்டவற்றை நிபந்தனையின்றித் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. இரு நாட்டு ஆய்வாளரும் சேர்ந்து இப்பொருள்களின் பின்வரலாற்றை ஆராய்ந்தனர். 2023 ஜூலையில் முடிவு அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டின் இறுதியில் லெவ்கே பீரங்கி, பொன்வாள், வெள்ளிவாள், கத்தி, இரண்டு பெருந்துவக்குகள் ஆகிய ஆறும் கொழும்புத் தேசிய நூதனசாலைக்கு வந்துசேர்ந்தன. இருநூற்று ஐம்பத்தெட்டு ஆண்டுகள் கழிந்திருந்தன.

இதனை நாம் வரவேற்கிறோம். களவு களவே என்பதை ஓர் அரசு ஒப்புக்கொண்டது சிறிய செய்தியன்று. அரும்பொருட்சாலையின் உரிமையினும் மக்களின் உரிமை மூத்தது என்னும் கொள்கை இதனால் வலுப்பெற்றது. ஆனால் வரவேற்பு முடிந்தபின் ஒரு வினா எஞ்சுகிறது: வந்துசேர்ந்தது யாருக்கு?

"எம்மினத்து மன்னனின் பீரங்கி" என்று ஒருசாரார் மார்தட்டுவராயின், அவருக்கு வரலாறு விடை கூறும். இக்காணிக்கையைப் பெற்ற சிறீ விஜய இராஜசிங்கன் 1739இல் அரியணையேறியவன். மதுரைப் பக்கத்து நாயக்கர் குடியிற் பிறந்து கண்டியை ஆண்டவர்களுள் முதல்வன். அதனைப் பறிகொடுத்த கீர்த்தி சிறீயும் அக்குடியினனே. கருவியின் பெயர் துருக்கியர் வழியது. பொறியின் இலக்கணம் ஐரோப்பியருடையது. வெடி என்னும் சொல் தமிழருடையது. இரும்பும் அணிவேலையும் சிங்களக் கம்மாளனுடையவை. எந்த இனவாதி இதனைக் கூறுபோட்டுத் தன் பங்கை எடுத்துக்கொள்வான்? மறுபுறம், "இது சிங்களவர் பொருள், நமக்கென்ன" என்று தமிழ் மாணவன் ஒதுங்குவானாயின், அதுவும் அறியாமையே. கறுவா உரித்தவனையும் முத்துக்குளித்தவனையும் சாயவேர் கிண்டியவனையும் ஒரே கம்பனிதான் சுரண்டிற்று.

மூன்று பத்தாண்டுப் போரின் சாம்பல் 2009இல் அடங்கிய நாடு இது. துவக்கின் அழகைப் பாடும் உரிமை நம்மவர் எவருக்கும் எளிதிற் கிடைப்பதன்று. அது எத்தனை தாய்மாரை மகனற்றவராக்கியது என்பதை நாம் அறிவோம். எனவே பொன்னிழைத்த பீரங்கியின்முன் நிற்கும் மாணவனுக்கு ஆசிரியன் கற்பிக்க வேண்டியது ஆயுத வழிபாடு அன்று. மன்னர் பெருமையும் அன்று. அவன் மூன்று வினாக்களைக் கேட்கப் பழகட்டும். இதனைச் செய்தவன் யார்? இதற்காக உழைத்தும் இதனாற் பயன்பெறாதவன் யார்? இது அரிதாகும்படி அழிக்கப்பட்டது எது?

நாம் அதனை லெவ்கேயின் பீரங்கி என்கிறோம். காணிக்கையளித்தவன் பெயர் நிலைத்துவிட்டது. அதனைக் கொண்ட மன்னன் பெயரும் தெரியும். கவர்ந்த ஆளுநன் பெயரும் தெரியும். வெடியுப்புக் குகையிற் புழுதி குடித்தவனும், உலைமுன் கண்ணெரிய நின்றவனும், நுண்ணுளியாற் சூரியனையும் பிறையையும் செதுக்கியவனும் நம் நாவில் இல்லை. நூதனசாலைக் கண்ணாடியின்கீழ் எழுதப்படும் குறிப்பில் அவர்களுக்கும் ஒரு வரி வேண்டும். பெயர் தெரியாவிடினும், "கண்டியின் கம்மாளர் செய்தது" என்று மூன்று மொழியிலும் எழுதலாம். கவரப்பட்ட பொருளை மீட்டது போதாது. அதனைப் படைத்த உழைப்பையும் மறதியிலிருந்து மீட்கவேண்டும். அந்தப் பணியை எந்த வெளிநாட்டு அரசும் நமக்காகச் செய்து தராது.